நூற்றுக்கு நூறு வாங்கிய பல் மருத்துவக் கல்லூரி

நகைமுகபுரி மன்னருக்கு மக்களின் முறையீடு என்றால் ஒவ்வாது. ஆகவே, அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்தக் குடிமகனும் வெளியிடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று ஆணையிட்டிருந்தார். சீட்டு வேண்டுவோர் நேரில் வந்து வாய்மொழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு நோயாளிகள் வருவது அன்றோடு நின்றது. மாணவர்கள் களிமண் பற்களில் பழகினார்கள். அவை உடைவது அரசின் பெயரைக் கெடுக்கிறது என்று அடுத்த ஆணை வந்தது. பிறகு படங்களைப் பார்த்துப் படித்தார்கள்.

அந்தக் கல்லூரியின் செய்முறைப் பயிற்சியை மதிப்பிட மாதேவி அனுப்பப்பட்டாள். படை முகாம்களில் இருபது ஆண்டுகள் பல் பிடுங்கியவள். கல்லூரி முதல்வர் பல்லவராயர் அவளுக்குச் சுவரில் தொங்கிய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"நோயாளிங்க எங்க?" என்றாள்.

"நாட்டில் நோய் குறைந்துவிட்டதம்மா. புகாரே வருவதில்லை."

அப்போது கல்குவாரியில் வேலை செய்யும் வீராயி, வீங்கிய கன்னமும் கையில் சீட்டுமாக உள்ளே வந்தாள். சீட்டு கிடைக்க நாற்பது நாள் ஆகியிருந்தது. இறுதியாண்டு மாணவன் செங்கோடன் குறட்டைக் கையில் எடுத்து ஒரு பல்லைப் பிடுங்கினான். அது நல்ல பல்.

"இதுக்கு முன்ன எத்தனை பல் பிடுங்கியிருக்க தம்பி?" என்றாள் மாதேவி.

"நெஜப் பல்லப் பாக்குறதே இன்னிக்குத்தாங்க."

சொத்தைப் பல்லை மாதேவியே எடுத்தாள். வீராயி தன் நல்ல பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள். நாலு வசவு வைதிருந்தால் மாதேவிக்கு மனசு ஆறியிருக்கும்.

மதிப்பீட்டு அறிக்கையில் பூஜ்ஜியம் போட அவள் பேனாவை எடுத்தபோது சுகாதார அமைச்சர் கோளரிநாதர் வந்து நின்றார்.

"நூற்றுக்கு நூறு என்று எழுதுங்கள். பாராட்டு விழாவுக்கு மன்னர் நாள் குறித்தாயிற்று."

மாதேவி அப்படியே எழுதினாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: இத்தகைய கல்லூரி இருக்கையில் மன்னரும் அமைச்சர்களும் பல்லுக்காக அயல்நாடு போவது நாட்டுக்கு இழுக்கு, இனி அவர்களும் இங்கேதான் சிகிச்சை பெற வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்த அமைச்சர் கையொப்பமிட்டார். அமைச்சரின் கையொப்பம் விழுந்ததால் அறிக்கை சட்டமானது.

ஒரு மாதத்தில் அமைச்சருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. எல்லைக் காவலர்கள் அவருடைய கையொப்பத்தையே அவருக்குக் காட்டி, பல்லக்கைத் திருப்பி அனுப்பினார்கள். கல்லூரி நாற்காலியில் அவர் சாய்ந்ததும் குறட்டோடு வந்தவன் செங்கோடன்.

"எந்த வரிசைங்க?"

"கீழ்வரிசை."

செங்கோடன் தலையைச் சொறிந்தான். "கீழ்வரிசைப் படம் போன வருசமே கிழிஞ்சுபோச்சுங்க ஐயா."

அமைச்சர் மாதேவிக்கு ஆள் அனுப்பினார். அவள் வந்ததும், "நீங்களே எடுத்துவிடுங்கள் அம்மா" என்றார்.

"எடுக்கிறேன். இவன் பக்கத்துல நின்னு கத்துக்கட்டும். மத்த பிள்ளைங்களுக்கும் நோயாளிங்க வேணும். அந்தச் சீட்டு ஆணையை எடுத்திருங்க."

"அது மன்னரின் கொள்கை முடிவு. அதில் நான் தலையிட முடியாது."

"சரிங்க. செங்கோடா, ஆரம்பி."

அமைச்சரின் அவசர ஓலை அரண்மனைக்குப் பறந்தது. மன்னர் அதைப் படித்தார். தம் பற்களை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்தார். ஆணையை ரத்து செய்தார்.

மறுநாள் கல்லூரி வாசலில் ஊரே திரண்டு நின்றது. மாதேவி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, செங்கோடன் பதினோரு பற்களைச் சரியாகப் பிடுங்கினான். சிகிச்சை முடிந்து வெளியே வந்தவர்களில் ஒருவரும் வாயை மூடவில்லை.