பேத்தியின் குதிகாலில் ஊசி குத்திய காரணம்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஆத்தப்பன் அவர்களுக்கு,

திருப்பூரிலிருந்து வெள்ளியங்கிரி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மருமகள் ஜனனியும், பிறந்து ஒன்பது நாளான பேத்தியும் நலம். ஊத்துக்குளியில் நீங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்று மகள் சொன்னதால் கடிதமாக எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் குதிகாலில் நர்ஸ் ஊசி குத்தி ரத்தம் எடுத்தபோது, "ஏனுங்க சம்பந்தி, பச்சப் புள்ளைக்கு எதுக்குங்க இது?" என்று கேட்டீர்கள். "எல்லாப் புள்ளைக்கும் எடுக்கறதுதானுங்க" என்றேன். அது பொய்.

ஆறாம் மாதம் டாக்டரம்மா ஜனனிக்கு குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்தார். நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டியது நூற்று எழுபத்தெட்டு. கர்ப்ப காலத்துச் சர்க்கரை என்றார். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் என் பெண்ணிடம் குறை கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் என் காதில் விழுந்தது. இருபத்தாறு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவன் நான். சரக்கு வாங்கும் பையர் ஒரு பீஸைக் குறை சொல்லித் தள்ளினால் உடனே ஒத்துக்கொள்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை, ரீசெக் கேட்போம். அடுத்த வாரம் நீங்கள் ஊத்துக்குளி நெய்யில் பிடித்த லட்டோடு வளைகாப்புக்கு வருகிறீர்கள், பெண் தொடாமல் இருந்தால் என்ன நினைப்பீர்கள் என்று வேறொரு லேபுக்கு அழைத்துப் போனேன். அங்கே பாதி டம்ளர் குடித்ததும் அவளுக்குக் குமட்டியது. "முழுசும் குடிக்கோணும்னாங்கப்பா" என்றாள். "வாந்தி எடுத்தா எல்லாமே வீணாப் போயிரும் கண்ணு, இங்க குடு" என்று மீதியை நானே குடித்துவிட்டேன். ரிசல்ட் நூற்றுப் பதினெட்டு. பாஸ். வளைகாப்பில் அவள் லட்டு சாப்பிட்டதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள், நானும் பட்டேன், மிச்ச லட்டு இரண்டு வாரம் வந்தது.

அடுத்த ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு மாதத்துக்கு மீறி இருந்தது. டாக்டரம்மா துருவிக் கேட்டதும் ஜனனி டம்ளர் விஷயத்தையும் லட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை.

"பாதி டம்ளருக்கு வந்த ரிசல்ட்டை வச்சு முழு லட்டு சாப்பிட்டிருக்கறாங்க" என்றார். "அம்மா ரத்தத்துல ஏறுற சர்க்கரை புள்ளைக்கும் போகுங்க. புள்ள பெருத்தா பிரசவம் செரமம். பொறந்த கையோட புள்ளைக்குச் சர்க்கரை மடமடன்னு எறங்கிரும். இது யாருக்கு வேணா வர்றதுங்க, இதுல என்ன குறை?"

வெளியே வந்து, கையில் இருந்த வண்டிச் சாவியைப் பத்து நிமிஷம் தேடினேன்.

அன்றிலிருந்து இன்சுலினும் அளவுச் சாப்பாடும். ஜனனி தானே ஊசியை வயிற்றில் குத்திக்கொள்வாள். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி பழனாயி, "மீதி டம்ளரைக் குடிச்சவருக்கும் இதே சோறுதானுங்க" என்று எனக்கும் அரைத் தட்டாகக் குறைத்துவிட்டாள். மாப்பிள்ளை ரித்தீஷுக்கு எல்லாம் தெரியும். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியவன் நான், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பேத்தி மூன்று கிலோ இருநூறில் பிறந்தாள். நாற்பத்தைந்தாவது இருக்க வேண்டிய சர்க்கரை முதல் ஊசியில் முப்பத்தெட்டுதான் இருந்தது. உடனே பால் கொடுக்க வைத்தார்கள். அடுத்த ஊசி வரைக்கும் நீங்கள் நூல் விலையைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்று சத்தியமாக ஞாபகமில்லை. இரண்டாவது ஊசியில் ஐம்பத்தாறு. "சரியாயிருச்சுங்க" என்று நர்ஸ் சொன்னதும் நான் அழுததை, பேத்தி பிறந்த சந்தோஷம் என்று நினைத்து என் முதுகில் தட்டினீர்கள்.

ஜனனிக்கு இப்போது இன்சுலின் இல்லை. ஆறாவது வாரம் திரும்பவும் சோதிப்பார்கள். முழு டம்ளரையும் அவளே குடிப்பாள். இனி டாக்டர் சொன்னதற்கு மேல் எங்கள் வீட்டில் ரீசெக் கிடையாது, யாரிடமும் எதையும் மறைப்பதும் கிடையாது. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பெயர் வைக்க நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள். வெறுங்கையோடு வந்தால் போதும்.

தங்கள் மன்னிப்பை வேண்டும்,
வெள்ளியங்கிரி

பி.கு.: ஜனனி விடாப்பிடியாக நின்றதால் நேற்று நானும் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்தேன். இருநூற்று எண்பத்தாறு என்று போட்டிருக்கிறார்கள். மிஷினில் ஏதோ கோளாறு. ரிசல்ட் வர நாளாகும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ஊத்துக்குளியில் உங்களுக்குத் தெரிந்த லேப் இருந்தால், எனக்கு மட்டும் தகவல் சொல்லவும்.