நத்தைகளை அழித்தவன்

என் அக்காவின் நாலு வருட ஆராய்ச்சியை அழித்தவன் நான்தான். மின்வெட்டு, பழைய இயந்திரம், கெட்ட நேரம் என்று பலவற்றின் மேல் பழியைப் போட்டுப் பார்த்துவிட்டேன். எதன் மேலும் நிற்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு பொய் சொல்வதற்கு ஞாபகசக்தியும் போதவில்லை. எனவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. அக்கா கமலா ரெட்டிபாளையத்தில் ஒரு சிமென்ட் ஆலையின் குடியிருப்பில் இருந்தாள். மாமாவுக்கு அங்கேதான் வேலை. அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. அந்தக் கடலின் நத்தைகளும் சிப்பிகளும் கல்லாகிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடக்கும். மற்றவர்கள் அதை சிமென்ட் ஆக்கினார்கள், அக்கா ஆராய்ச்சி ஆக்கினாள். வெயிலில் அலைந்து பொறுக்கி, ஒவ்வொரு நத்தையையும் அளந்து, அந்த அளவுகளை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் அதைச் சமர்ப்பித்தால் திருச்சியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைப்பது ஏறக்குறைய உறுதி.

அளவுகளும் எழுத்தும் எல்லாம் கம்ப்யூட்டரில்தான், தாளில் எதுவும் இல்லை. ஆலை அலுவலகத்துக்குப் புதியது வந்ததும் பழையதை மாமா கேட்டு வாங்கி வந்திருந்தார். குளிர்சாதன அறையில் வாழ்ந்த இயந்திரம் என்பதால் வீட்டிலிருந்த ஒரே மேசை விசிறி அதற்குத்தான். (மாமா பனை விசிறிக்கு மாறியிருந்தார்.)

நான் பெரம்பலூரில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சிக்குப் போய் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து, சான்றிதழும் வாங்கியிருந்தேன். அந்த வகுப்பில் இருந்தது இரண்டே கம்ப்யூட்டர்கள். நான் பெரும்பாலும் மூன்றாவது வரிசையில் நின்று மற்றவர்களின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பது சான்றிதழில் எழுதப்படவில்லை.

பூஜை விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். விஜயதசமி காலை அக்கா கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: சிஸ்டம் இல்லை. முந்தைய வாரம் முழுக்க மின்சாரம் ஏறி இறங்கியதில் இயந்திரத்தை இயக்கும் மென்பொருள் கெட்டுப்போயிருந்தது.

"திங்கக்கிழம ஆபீஸ் மெஷினப் பாக்க திருச்சிலேருந்து ஆளு வருவான். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க" என்றார் மாமா.

"இதுக்கு எதுக்கு மாமா ஆளு? இது பொட்டியே தவிர, உள்ள வெறும் கணக்குதான். மறுபடியும் சிஸ்டத்தை ஏத்துனா முடிஞ்சுது. இன்னிக்கு ஆரம்பிக்கறதுக்கு நல்ல நாள் வேற."

"மாப்ள, உனக்குத் தெரியும்ல?"

"சர்டிபிகேட் இருக்கு மாமா."

மாமா நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். படித்தவர்களை நம்பும் கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு.

இயந்திரத்தோடு வந்திருந்த சிஸ்டம் பிளாப்பியைப் போட்டு, ஃபார்மட் கட்டளையைத் தட்டினேன். திரையில் இரண்டு வரி எச்சரிக்கை வந்தது. இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா, ஆம் அல்லது இல்லை.

"என்னமோ அழிஞ்சுடும்னு போட்டிருக்கேடா?" என்றாள் அக்கா.

"அது சும்மா கேக்கும்க்கா. பஸ்ல புகை பிடிக்காதீர்னு எழுதியிருக்கற மாதிரி. உன்னோடது எல்லாத்துக்கும் பிளாப்பியில நகல் இருக்குல்ல?"

"இருக்கு. ரெண்டு செட்டு எடுத்து வச்சிருக்கேன்."

"அப்பறம் என்ன?"

ஆம் என்று அமுக்கினேன். இயந்திரம் மாவு மெஷின் போலக் கரகரத்தது. கரகரப்பு நின்றதும் சிஸ்டத்தை ஏற்றினேன். அணைத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்து கண் சிமிட்டியது. மாமா என் முதுகில் தட்டினார். "மாப்ளைக்கு இன்னொரு காபி குடு கமலா, சக்கரை தூக்கலா" என்றார். அந்தக் காபியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. என் கம்ப்யூட்டர் வாழ்க்கையின் உச்சம் அது. ஒரு டம்ளர் நேரம் நீடித்தது.

"நகலைக் கொண்டாக்கா, ஏத்திடுவோம்."

அக்கா பூஜை அலமாரியிலிருந்து பிளாப்பிகளை எடுத்துவந்தாள். முந்தின நாள் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு அவற்றையும் அடுக்கி வைத்திருந்தோம். அப்போதைய பிளாப்பி சதுரமான கறுப்பு உறைக்குள் இருக்கும் மெல்லிய வட்டு. உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு, அதன் வழியே வட்டு பளபளவென்று தெரியும். இயந்திரம் படிப்பது அந்த இடத்தைத்தான். சந்தனம் குங்குமம் வைக்கும் பொறுப்பை முந்தின நாள் பக்தியோடு ஏற்றுக்கொண்டவன் நான். உறை முழுக்கக் கறுப்பாக இருந்ததால் பொட்டு எடுப்பாகத் தெரிய அந்தப் பளபளப்பான இடம்தான் வாகாகப் பட்டது. இரண்டு செட்டிலும், ஒன்று விடாமல், தாராளமாக வைத்திருந்தேன்.

சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

ஈரத்துணியால் துடைத்தேன். வடகம் போல வெயிலில் காய வைத்தேன். ஒன்றைப் போட்டபோது இயந்திரம் இருமியது. இரண்டாவதில் முனகியது. அதன்பிறகு எதைப் போட்டாலும் படிக்கவில்லை. அறை முழுக்கச் சந்தன வாசனை.

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து பிளாப்பியைப் போட்டுவைக்கும் காகித உறை ஒன்றை மடித்துக்கொண்டே இருந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன்டா," என்றாள் கடைசியில். "அந்த நத்தைங்க கடல் வத்துனப்ப தப்பிச்சுது. பூமி நகந்தப்ப தப்பிச்சுது. இத்தன கோடி வருஷம் ஒண்ணும் ஆவல. கடைசில உன்கிட்ட வந்து மாட்டிக்கிச்சே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். நான் மட்டும் அழுதேன். "சரி மாப்ள, அழுவாத, பெரம்பலூர் பஸ்ஸுக்கு நேரமாவுது பாரு" என்று அவர் என்னை வீட்டைவிட்டு அனுப்பியதும் அன்பால்தான் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாதக் கடைசி போயிற்று. திருச்சி வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. அதன்பின் சனிக்கிழமைதோறும் நான் ரெட்டிபாளையம் போய், அளவுகோலை வைத்து நத்தைகளை மறுபடி அளந்து உரக்கச் சொல்ல, அக்கா கையால் எழுதினாள். (நத்தைக்கு எது தலை எது வால் என்பதே எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது.) பட்டம் வந்தது. அதற்குள் கல்லூரி வாய்ப்பு எதுவும் மிச்சமில்லை. அரியலூரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றாள். ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. வகுப்பில் மட்டும், உயிரினங்கள் அழிந்துபோன பாடம் வரும்போது, எரிமலை, விண்கல் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "மூணாவது காரணம், என் தம்பி" என்று ஆரம்பிப்பாளாம். வருடாவருடம். அப்படி ஒரு தாலுகாவே என்னை அறிந்து வளர்ந்தது.

போன மாதம் என் கைபேசியில் வங்கிக் கணக்கைச் சேர்க்க பெரம்பலூர் வங்கிக்குப் போனேன். துணைக்கு அக்கா வந்திருந்தாள். மேலாளர் எழுந்து நின்றுவிட்டார்.

"டீச்சர்! உக்காருங்க டீச்சர். நான் உங்ககிட்ட ஒன்பதாவது படிச்சேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "இவரு?"

"தம்பி" என்றாள் அக்கா.

"அந்தத் தம்பியா டீச்சர்?"

"அதே தம்பிதான்."

அதற்குள் என் கைபேசியில் ஒரு கேள்வி வந்திருந்தது. தொடரலாமா, ஆம் அல்லது இல்லை. நான் விரலை நீட்டினேன். மேலாளர் மேசையைச் சுற்றி ஓடியே வந்துவிட்டார்.

"சார், சார், கையை எடுங்க. நானே அமுக்குறேன்."