‘சாப்பிடுங்க’ போய் ‘சாப்பிடவும்’ வந்த கதை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், மகள் நலம். உங்கள் தங்கை நலமா என்பதை நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். என்னிடம் அவள் பேசி ஒன்பது நாளாகிறது.

காரணம் மகளின் ஆங்கில வகுப்பில்தான் தெரிந்தது. இரண்டு எழுத்துகளை ஒப்பிட்டு, யார், யாருக்கு, எப்போது, எந்த நிலைமையில் எழுதினார்கள் என்பதை வைத்து எழுத்து எப்படி மாறுகிறது என்று மூன்று பக்கம் எழுதச் சொன்னாராம் டீச்சர். மற்ற பிள்ளைகள் பத்திரிகையைப் புரட்ட, இவள் என் பர்ஸைப் புரட்டியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் உங்கள் தங்கை எழுதிய சீட்டு பதினெட்டு வருஷமாக அதில் இருக்கிறது: ‘சாப்பாடு மேசை மேல இருக்கு. சாப்பிடுங்க.’ இரண்டாவது சீட்டு, போன வாரம் செவ்வாய்க்கிழமையது: ‘சாப்பாடு மேசை மேல் உள்ளது. சாப்பிடவும்.’ ஆங்கிலத்தில் மாற்றினால் இரண்டும் ஒரே வாக்கியமாக வந்து நின்றதாம். “அப்போ வித்தியாசம் எங்க இருக்கு?” என்று டீச்சர் கேட்க, “எங்க வீட்டுல இருக்கு மிஸ்” என்றாளாம். ‘முதல் சீட்டை எழுதியது புது மனைவி, இரண்டாவதை எழுதியது நிர்வாகம்’ என்று கட்டுரையை முடித்திருக்கிறாள். கீழே சிவப்பு மையில், ‘மிக நன்று. அப்பாவுக்கு என் ஆறுதல்.’ அதற்கும் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம், போட்டேன்.

மச்சான், நான் போர்டு எழுதுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக ‘வரிசையில் வரவும்’, ‘அமைதி காக்கவும்’, ‘கதவை மெதுவாகச் சாத்தவும்’ என்றே எழுதிக் கை பழகியவன். ‘சாப்பிடவும்’ எனக்கு உறுத்தவே இல்லை. என்னோடு இருந்து அவளுக்கும் தமிழ் திருந்திவிட்டது என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை பெயிண்ட் தீர்ந்துபோய் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்துவிட்டிருக்க, உள்ளே ஒரு ரிப்பேர்காரர் சமையலறைக் குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். பசி வந்தால் பத்தும் பறக்கும், மேசை மேலிருந்த சீட்டைப் படித்ததும் உட்கார்ந்து தட்டைக் காலி செய்தேன். அந்த மனிதர் நான் கை கழுவும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை நேரத்தில் என்ன வேடிக்கை என்று முறைத்துவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம், குழாய் மட்டும் பாகம் பாகமாகக் கிடக்கிறது. சாயங்காலம் உங்கள் தங்கை வந்து, “மேசை மேல இருந்ததை யாரு சாப்பிட்டது?” என்றாள். “நான்தான். உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. ஒரு சிட்டிகை உப்புக்கு இவ்வளவா என்று இருந்தேன். கட்டுரையைப் படித்த பிறகுதான் கோபம் உப்பில் இல்லை, ‘உம்’மில் இருக்கிறது என்று புரிந்தது. அவள் பேசாத வீடு எனக்கு வீடாகவே இல்லை மச்சான். ‘ங்க’ எப்போது போனது, எதனால் போனது என்று ஞாயிற்றுக்கிழமை வந்து நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் என்னைவிடச் சமர்த்தாக வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
‘உம்’ விகுதியால் கெட்டவன்

பி.கு.: உறையை ஒட்டும்முன் அவள் பிடுங்கிப் படித்துவிட்டாள். ஒன்பது நாளுக்கு அப்புறம் வாய் திறந்தாள்: “அந்தச் சீட்டை உங்களுக்கு யாரு எழுதினா? குழாய்க்காரருக்கு எழுதினேன்! முன்னப்பின்ன தெரியாத மனுஷர்கிட்ட ‘சாப்பிடுங்க’ன்னு உருகவா முடியும்? சாப்பாடு போடுறேன்னு சொல்லி வரவழைச்சா, அவர் கண்ணெதிரே அவர் சோத்தைத் தின்னுட்டு உப்புல குத்தம் வேற!” ஆகவே நீங்கள் பஞ்சாயத்துக்கு வர வேண்டாம். மகள் வாங்கிய மார்க் தொண்ணூற்றாறு, டீச்சர் காதுக்கு இது போகக் கூடாது என்கிறாள். வாளி தூக்கி என் தோள் கழன்றுவிட்டது. குழாய் வேலை தெரிந்த ஒருவரை உடனே அனுப்பவும். மன்னிக்கவும். சே, மன்னிச்சிடுங்க, அனுப்புங்க மச்சான். அவருக்குச் சாப்பாடு நானே பரிமாறுறேன்.