கொள்ளு வறுத்த கார்

எனக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வரியைச் சொல்லும் நேர்மை இருபத்திரண்டு வயதில் என்னிடம் இருந்திருந்தால், என் அண்ணனுக்குப் பெண் பார்த்த கதை மற்றவர்கள் வீட்டுக் கதை மாதிரி மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் அப்போது நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து முடித்திருந்தேன். (இரண்டு பாடம் பாக்கி. அதில் ஒன்று ஆட்டோமொபைல்.) எனவே எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லுக்கு வெளியே எங்கள் தோட்டமும் கோழிப்பண்ணையும். வாசலில் அப்பாவின் பழைய ஃபியட். தீவன மூட்டை ஏற்றுவதற்காக அப்பா பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு இரும்புப் பட்டை போட்டு வைத்திருந்தார். அதனால் காலியாக நிற்கும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு, மழைத் தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்து நடக்கும் பெரியம்மா மாதிரி இருக்கும் எங்கள் கார்.

ஒருநாள் சேலத்தில் முடிவெட்டப் போன கடையில் ஒரு பழைய பத்திரிகை கிடந்தது. அதில் ஒரு ரேஸ் காரின் படம். வயிறு ரோட்டில் உரசுகிற மாதிரி அத்தனை தாழ்வாக, பாயப்போகும் பூனை போலப் பதுங்கி நின்றது. அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிடித்தது சனி.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்கு ஆறாவது இடம் வந்திருந்தது. அண்ணன் தங்கவேலுக்கு முப்பத்திரண்டு வயது. ஐந்து இடத்தில் பெண் பார்த்து, ஐந்தும் கைகூடவில்லை. ஜாதகம் எல்லாம் நன்றாகத்தான் பொருந்தியது. அண்ணன்தான் வாயைத் திறக்க மாட்டார். காபி டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வந்துவிடுவார். "பையன் ஊமைங்களா?" என்று ஓர் இடத்தில் தரகரிடம் கேட்டே விட்டார்கள். இந்த ஆறாவதும் ஆகவில்லை என்றால் இனிமேல் எங்கேயும் வரமாட்டேன் என்று அண்ணன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவர் அதிகம் பேசாதவர் என்பதால், சொன்னால் சொன்னதுதான். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டில் எல்லோரும் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார்கள். நான் மட்டும் காரணத்தை விஞ்ஞானப்பூர்வமாக ஆராய்ந்தேன். குற்றம் அண்ணன் மேல் இல்லை, கார் மேல் என்று கண்டுபிடித்தேன். தீவன மூட்டை ஏற்றும் காரிலிருந்து இறங்குகிறவனை எந்தப் பெண் மதிப்பாள்? காரை இறக்கினால் குடும்பம் உயர்ந்துவிடும். (இதை ஒரு நோட்டில் அடிக்கோடிட்டு எழுதி வைத்திருந்தேன்.)

இறக்குவது என்று முடிவாயிற்று, எப்படி இறக்குவது என்பதுதான் தெரியவில்லை. சேலத்தில் ஒரு பெரிய உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மேஜைமேல் மூன்று சுருள் ஸ்பிரிங்குகளை வைத்தார். ஒன்று குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தது, ஒன்று குட்டையாகவும் மெல்லிசாகவும் இருந்தது, மூன்றாவது ஏற்கெனவே யாரோ வெட்டியது.

"எது வேணுங்க தம்பி?"

"எது நல்லதுங்க?"

"கார் எறங்கோணுங்களா, மெத்துனு போகோணுங்களா, வளையறப்ப சாயாம இருக்கோணுங்களா?"

"மூணும்ங்க," என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூணும் ஒரு ஸ்பிரிங்குல வராதுங்க. கெட்டியாப் போட்டா உங்க இடுப்பு அடி வாங்கும். மெத்துனு போட்டா கார் அடி வாங்கும். எது அடி வாங்கலாம்னு ஊட்டுல கேட்டுட்டு வாங்க."

வீட்டில் கேட்கவா முடியும்? ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். இரவெல்லாம் நோட்டில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். முன்பக்கம் மட்டும் இறக்கினால் கார் மண்ணை முகரும். பின்பக்கம் மட்டும் இறக்கினால் வானத்தைப் பார்க்கும். இரண்டையும் இறக்கினால் எத்தனை விரற்கடை? குழப்பத்தில் முன்னும் பின்னும் மாறிப்போய், காரைத் தலைகீழாக வரைந்து வைத்திருந்ததைக் காலையில்தான் கவனித்தேன்.

கடைசியில் நாமக்கல்லில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் ராமசாமி மேஸ்திரியிடம் போனேன். அப்பா இரண்டு நாள் ஈரோடு போயிருந்த சமயம்.

"எத்தன டன் ஏத்தறீங்க?" என்றார் மேஸ்திரி. அவருக்கு அது ஒன்றுதான் கேள்வி. நாமக்கல்லில் ஸ்பிரிங் பட்டறைக்கு வருகிறவன் எல்லாம் இன்னும் ஒரு பட்டை போடச் சொல்லித்தான் வருவான்.

"ஏத்தலீங்க மேஸ்திரி. எறக்கோணும்."

"லோடு எறக்கோணுங்களா?"

"காரையே எறக்கோணுங்க."

பட்டறையில் சம்மட்டிச் சத்தம் நின்றது. பத்திரிகைப் படத்தை எடுத்துக் காட்டினேன். மேஸ்திரி படத்தை நேராகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு டயர்ல காத்து இல்லீங்களே?"

"இருக்குதுங்க. இப்படி இருந்தா அடியில காத்துப் போகாது. கார் ரோட்டக் கெட்டியாப் புடிக்கும்."

"ஏன், இப்ப என்ன ரோட்ட உட்டுப்போட்டா போகுது?" என்றார். நான் நோட்டைப் புரட்டினேன். "நானு முப்பது வருசமா தூக்கித்தான் உட்டிருக்கறனுங்க தம்பி. எறக்கறதுக்கு ஒரு ஆளு வந்து இன்னைக்குத்தான் பாக்கறேன். பண்றேன். ஆனா நான் பண்ணுனேன்னு வெளிய சொல்லிப்போடாதீங்க."

முன்பக்கச் சுருளில் ஒன்றரைச் சுற்று அறுத்தோம். பின்பக்கத்தில் அப்பா போட்ட பட்டையையும், அதற்குக் கீழே இன்னும் இரண்டையும் உருவினோம். காரை இறக்கி விட்டதும் நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். மேஸ்திரி காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு செங்கல்லை நிறுத்திப் பார்த்தார். நுழையவில்லை. படுக்க வைத்துத் தள்ளினார், நுழைந்தது. அதுதான் எங்கள் அளவு.

ஈரோட்டிலிருந்து வந்த அப்பா நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தார். "ஏண்டா, காத்து எறங்கிப் போச்சா?"

"பிரேக் பாத்தோமுங்கப்பா. ஓட ஓட செட்டாயிரும்," என்றேன். பொய் சொல்வதற்குப் பாலிடெக்னிக் படிப்பு கொஞ்சம் உதவியது. அண்ணன் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "இத்தன பேரு போறமேடா," என்றார். அவர் ஒரு வாரத்துக்குப் பேசுவதே அவ்வளவுதான். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் காரில் ஒருவன் மட்டும் போவது காரைக் கழுவ எடுத்துப் போகும்போதுதான் என்பது, அத்தனை அம்புக்குறி போட்ட என் மண்டைக்கு எட்டவே இல்லை.

வெள்ளிக்கிழமை. பெண் வீடு ராசிபுரம் தாண்டி ஒரு ஊர். பன்னிரண்டு மணிக்கு மேல் வரச் சொல்லியிருந்தார்கள். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துவிடுவதுதான் நல்லது என்று அத்தை ஒரே பிடியாக நின்றார். அப்பா, அம்மா, மாமா, அத்தை, அண்ணன், நான் என்று ஆறு பேர். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையில் போக வேண்டும் என்பதால் ஏழாவதாகத் தரகரையும் அவர் வீட்டில் போய் ஏற்றிக்கொண்டோம். தரகர் மட்டும் இரண்டு பேருக்குச் சமம். இது போக ஒரு வாழைத்தார், தேங்காய் மூட்டை, பழத்தட்டுகள்.

ஒவ்வொருவராக ஏற ஏற, கார் ஒவ்வொரு படியாக இறங்கியது. தரகர் ஏறியதும் "ங்ஙொ" என்று ஒரு சத்தம் கேட்டது. அது காரா தரகரா என்று தெரியவில்லை. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் வாசனை வந்தது. ஒவ்வொரு மேட்டிலும் அடியில் "கர்ர்ர்" என்றது. "செட்டாகுதுங்க," என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

பெண் ஊருக்கு ஒரு மைல் இருக்கும்போது ரோட்டில் கொள்ளுச்செடி பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் இது வழக்கம். காய்ந்த செடியைத் தார்ரோட்டில் போட்டுவிட்டால் பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் காய் உடைந்துவிடும், தனியாகக் களம் வேண்டாம். எல்லா வண்டியும் அதன்மேல் போகும். எங்கள் வண்டி அதற்குள் போனது.

முதலில் சரசரவென்றது. பிறகு கார் தயங்கியது. நான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். வயிற்றுக்கடியில் செடியை வாரி வாரித் திணித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று. அப்போது பின்சீட்டிலிருந்து அத்தை மூச்சை இழுத்து, "பக்கத்துல யாரோ கொள்ளு வறுக்கறாங்க. வாசம் என்னமா வருது," என்றார்.

வறுத்தது நாங்கள்தான். சைலன்சர் சூட்டில் அடியிலிருந்து புகை வந்தது. கார் நின்றேவிட்டது. ஏழு பேரும் தள்ளிக்கொண்டு இறங்கினோம். வாழைத்தாரைக் காப்பாற்றிய மாமா அம்மாவை மறந்துவிட்டார்.

ரோட்டோரம் இரண்டு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதில் இளையவள் புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தாள். குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை எடுத்துவந்து காருக்கடியில் வீசி ஊற்றினாள். புஸ்ஸென்று புகை அடங்கியது. பிறகு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏனுங்க, மேல ஓட்டறதுக்குத்தானுங்க கொள்ளப் போட்டிருக்குது. வாரீட்டுப் போறதுக்கா?"

அவள் குனிந்து காரைப் பார்த்தாள். "இந்தக் காரு எதுக்குங்க இப்படி உக்காந்திருக்குது?"

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். "அடியில காத்துப் போகாம இருக்கறதுக்குங்க," என்றேன். அந்த வேளையிலும் விளக்கம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

"காத்து போகாட்டிப் போகட்டுங்க. எங்க கொள்ளு போகுதே," என்றாள்.

நான் படுத்து உள்ளே நுழையப் பார்த்தேன். என் தலையே போகவில்லை. அவள் ஆட்டுக்குத் தழை இழுக்கும் தொரட்டிக்கோலைக் கொண்டுவந்து, தரையில் மண்டியிட்டு, அடியில் விட்டுச் செடியைப் பிடித்து இழுத்தாள். அப்பாவும் மாமாவும் தரகரும் பிரேக் எப்படி இப்படிச் செட்டாகும் என்று என்னை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோலின் இன்னொரு முனையைப் பிடித்தார். சிதறிய கொள்ளைத் தோள் துண்டால் கூட்டி எடுத்துக் குவியலில் போட்டார்.

"மேகம் போட்டிருக்குதுங்க," என்றார் அவளிடம்.

"ஆமாங்க. அதான் இன்னைக்கே அடிச்சுப்போடலாம்னு," என்றாள் அவள்.

எங்கள் வீட்டுக் கணக்கில் அது ஒரு மேடைப்பேச்சு.

பாதி இழுத்திருப்பாள். தரகர் வழி கேட்பதற்காக, "ஏம்மா, மேட்டுக்காட்டு பொன்னுசாமி ஊடு எதும்மா? அவுங்க புள்ளையப் பாக்க வந்திருக்கறம்," என்றார்.

அவள் கை அப்படியே நின்றது. எழுந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள், காருக்கடியில் ஒட்டிய கரி இன்னும் பரவிற்று. "நேராப் போய் சோத்தாங்கைப் பக்கம் ஓட்டு ஊடுங்க. மெதுவா வாங்க. அவசரமே இல்லீங்க," என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் இறங்கி நடந்தாள். நாலு அடி போனதும் ஓட ஆரம்பித்தாள். கூட இருந்த பெரியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்கென்று எங்களுக்குப் புரியவில்லை. "நல்ல பொறுப்பான புள்ள. இந்த மாதிரி ஒண்ணு நம்மூட்டுக்கு வந்தாத் தேவல," என்றார் அத்தை.

மீதிச் செடியை அண்ணனே இழுத்து முடித்தார். பிறகு எல்லோரும் நடக்க, நான் மட்டும் காரில் போனேன். ஒற்றை ஆளாக ஓட்டும்போது அருமையாகப் போயிற்று. அதைப் பாராட்டத்தான் யாரும் இல்லை.

பெண்ணின் அப்பா பாய் விரித்து உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ராகு காலம் முழுக்க எங்கள் தலைமேல் ஓடியது. பிறகு பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாகப் பெண் காபித் தட்டோடு வந்தாள். காதோரம் ஒரு கொள்ளுச் சருகு ஒட்டியிருந்தது. அத்தை நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார். தரகருக்கு இருமல் வந்தது. ஆறு வீட்டில் முதல்முறையாக, அண்ணன் டம்ளரை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பெண்ணும் அவள் அப்பாவும் உள்ளே போனார்கள். முணுமுணுவென்று பேச்சு. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் வாழ்க்கையை ஒன்றரைச் சுற்று அறுத்துவிட்டேன் என்று தோன்றியது. செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

பெண்ணின் அப்பா வெளியே வந்து தொண்டையைச் செருமினார்.

"புள்ள ஒரே ஒரு சங்கதி கேக்கச் சொல்லுதுங்க. தப்பா நெனைக்கக் கூடாது. மாப்பளைக்குக் கார் ஓட்டத் தெரியுங்களா?"

வேறு நாளாக இருந்தால் அப்பா லாரியே ஓட்டுவான் என்று சொல்லியிருப்பார். அன்று மனம் உடைந்திருந்தார். "இல்லீங்க. அவனுக்குச் சைக்கிள்தானுங்க," என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பச் சரிங்கப்பா."

சித்திரையில் கல்யாணம் நடந்தது. அண்ணன் அதற்குப் பிறகு நான்கு லாரிக்கு முதலாளி ஆனார், ஆனால் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. கற்றுக்கொள்ளச் சொன்னால், "வாக்குக் குடுத்தாச்சு," என்று அண்ணியைக் கை காட்டுவார். அண்ணி அதை மறுப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் அவர்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், பளபளப்பான புதுக் கார். எல்லாம் பேசி முடிந்தபோது அண்ணி கதவோரத்திலிருந்து மெல்லக் கேட்டார்: "ஏனுங்க, மாப்பளைக்குக் கார் ஓட்டத் தெரியுங்களா?"

"அருமையா ஓட்டுவானுங்க," என்றார் பையனின் அப்பா பெருமையாக.

எங்கள் வீட்டார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து போய் வாசலில் நின்ற அந்தப் புதுக் காருக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "போதுமான எடம் இருக்குதுங்கண்ணி," என்றேன். அதன் பிறகுதான் தட்டு மாற்றினார்கள்.