நாலை ஐந்தாக்கித் தரும்படி ஒரு விண்ணப்பம்

தோர்ன்பெக், லங்காஷயர்
செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் குளிரில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் இருமல் சளியின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் பத்திரிகையில் கால்பந்து பற்றி எழுதும் மார்ட்டினா கிளெக்கின் அப்பா நான். பஸ் டிப்போவில் முப்பது வருடம் டயர் மாற்றியவன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இப்படி ஒரு கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

விஷயம் ஒரே ஒரு எண்தான். சனிக்கிழமை கோப்பை ஆட்டத்தில் எங்கள் ஊர் அணி மூன்று கோல் வாங்கித் தோற்றது. ஆட்டக்காரர்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவீர்களே, அதில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் ஜோயல் டன்னிக்கு என் மகள் நாலு போட்டுவிட்டாள். தாங்கள் அறியாததல்ல, ஆறு என்றால் வந்தான், போனான். ஐந்து என்றால் பாவம், உடம்பு சரியில்லை. நாலு என்றால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். ஜோயலின் அப்பா நார்மன்தான் ஊரில் வீட்டைச் சூடாக்கும் பாய்லரை ரிப்பேர் செய்கிற ஒரே ஆள். கால்பந்து கிளப் மண்டபத்துச் சாவியும் அவனிடம்தான். மார்ட்டினா ஆறு வருடம் உட்கார்ந்து எழுதிய முதல் புத்தகத்தை வருகிற சனிக்கிழமை அந்த மண்டபத்தில்தான் வெளியிடுகிறோம். பதினாறு வயதில் கிளப் பிரசுரத்துக்கு இலவசமாக எழுதத் தொடங்கியது அங்கேதான். வேறு இடம் வேண்டாம் என்கிறாள். இந்த நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாய்லர் படுத்துவிட்டது.

"நார்மன், வீடு ஐஸா கெடக்குப்பா" என்று போன் செய்தேன்.

"வர்றேன் வில்ஃப். ஆனா பத்துக்கு நாலுதான் ரிப்பேர் பண்ணுவேன். அடுப்பங்கரையும் மாடிப்படியும் சூடாகும். மிச்சத்த உம் பொண்ண எழுதிச் சூடாக்கச் சொல்லு."

சமாதானம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "நான் ஆடியிருந்தா ரெண்டு மார்க்குதான்பா வாங்கியிருப்பேன்" என்றேன்.

"அப்ப எம் பையன் உன்னவிட ரெண்டே மார்க்குதான் ஒசத்தியா? நாலு அஞ்சாகுற வரைக்கும் மண்டபமும் கெடயாது, போ!"

பக்கத்தில் ஓவர்கோட்டோடு உட்கார்ந்திருந்த என் மனைவி பெரில், "நீங்க பேசுன பேச்சுக்கு ஒண்ணு" என்று மார்க் போட்டாள்.

மகளிடம் கெஞ்சிப் பார்த்தேன். "ஒரே ஒரு மார்க்குதானேம்மா."

"அப்பா, ஒண்ண மாத்தினா நான் இதுவரைக்கும் போட்ட எதையும் எவனும் நம்பமாட்டான். மண்டபம் இல்லேன்னா தெருவுல வெச்சு வெளியிடறேன்."

எங்கள் ஊரில் தெரு என்றால் மழை என்று அர்த்தம் ஐயா. ஆகவே, 'ஜோயல் டன்னி: 4 என்பதை 5 எனத் திருத்தி வாசிக்கவும்' என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிடுங்கள். பழி அச்சுக்கூடத்தின் மேல் போகட்டும். ஐம்பது வருடமாக அந்த மைதானத்தில் ஆட்டம் பார்ப்பவன் சொல்கிறேன், ஐந்துதான் நியாயம்.

தங்கள் பத்திரிகை செழிக்கவும், தங்களுக்குப் பிடித்த அணி எங்களோடு மோதாத நாளெல்லாம் ஜெயிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வில்ஃப்ரட் கிளெக்

பி.கு.: தபால் தலை ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சற்றுமுன் ஜோயல் வந்தான். பின்னாலேயே நார்மன், யார் முகத்தையும் பார்க்காமல், கருவிப் பெட்டியோடு. "அக்கா, நீங்க மூணுதான் போட்டிருக்கணும். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றான் பையன்.

"இல்லடா, நாலுதான். எழுபதாவது நிமிஷம், மூணு கோல் வாங்கின பெறகும் பாதி மைதானம் ஓடி வந்து ஒரு பந்தத் தடுத்தியே? அந்த ஒண்ணு அதுக்கு" என்றாள் மார்ட்டினா.

"அத யாரும் பாக்கலன்னு நெனச்சேன்" என்றான். காது இரண்டும் சிவந்துவிட்டது. நார்மன் பாய்லருக்குள் தலையை விட்டவன், வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. மண்டபச் சாவி எங்கள் மேஜைமேல் இருக்கிறது.

ஆகவே நாலு நாலாகவே இருக்கட்டும். அந்தத் தடுப்பை நான் பார்க்கவில்லை ஐயா. அப்போது டீ வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.