அவள் இல்லாத வீடு: பன்னிரண்டு படங்கள்

என் மனைவி வெளியூருக்குப் போகக் கூடாது என்று முடிவெடுத்தேன். அதை அவளிடம் நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே கலையின் வழியாகச் சொல்லிவிடுவது என்று இன்னொரு முடிவும் எடுத்தேன். ஒரே நாளில் இரண்டு முடிவுகள். கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் இதுதான்.

அவள் நர்ஸ். குழந்தைகள் வார்டில் பத்தொன்பது வருஷம். தலைமை நர்ஸ் ஆவதற்கான ஆறு மாதப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. பயிற்சி நடக்கும் ஊருக்கு ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். மாதக் கடைசிக்குள் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும். கடிதத்தை அவள் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் படித்து முடிக்கும்வரை தண்ணீர் குடிப்பதுபோல நின்றாள்.

"நீ போயிட்டா வீடு என்னாகறது?"

"வீடு இங்கேயேதான் இருக்கும். நான்தானே போறேன்."

"நான் என்னாகறது?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்."

அவள் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவள் யோசிக்க ஆரம்பித்தால் ஒரு முடிவு வந்தே தீரும். எனக்கு அந்த வியாதி கிடையாது.

என் பக்கத்தையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எங்கள் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. என் சட்டைகள் எப்படியோ அலமாரிக்கு வந்து சேர்ந்துவிடும். அவை எந்த வழியாக வருகின்றன என்று நான் விசாரித்ததில்லை. தொழில், ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், விண்ணப்பப் படம், எப்போதாவது ஒரு கல்யாணம். இருபத்தாறு வருஷமாக மனிதர்களை ஸ்டூலில் உட்காரவைத்து மோவாயைப் பிடித்து நிமிர்த்தியிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் என் மோவாய் தானாகவே குனிந்துவிடும்.

அந்த வாரம்தான் புகைப்படச் சங்கத்திலிருந்து அறிவிப்பு வந்தது. கண்காட்சிக்குப் பன்னிரண்டு படங்கள் அனுப்ப வேண்டும். பன்னிரண்டும் சேர்ந்து ஒரே கதை சொல்ல வேண்டும். தானாக நடப்பதைப் போய்ப் பிடிக்கக் கூடாது. கதையை யோசித்து, ஆளை நடிக்கவைத்து, அறையை அதற்கேற்ப அமைத்து எடுக்க வேண்டும். கடைசித் தேதி, மாதக் கடைசி.

எனக்குப் பளிச்சென்று ஒரு வெளிச்சம். ஒரு நோட்டு வாங்கிப் பன்னிரண்டு கட்டங்கள் போட்டேன். தலைப்பு: 'அவள் இல்லாத வீடு'. முதல் கட்டத்தில் கதவு மூடுகிறது, நான் அழுகிறேன். இரண்டாவதில் கருகிய பாத்திரம். மூன்றாவதில் துணிக்குவியல், அதிலிருந்து என் தலையும் ஒரு கையும் மட்டும் தெரிகின்றன. இப்படியே படிப்படியாக இறங்கி, பன்னிரண்டாவதில் நான் அவள் செருப்பைக் கட்டிக்கொண்டு தரையில் கிடக்கிறேன். நடிப்பது நான். விளக்கைப் பிடிப்பது அவள். ஐந்தாவது படத்தில் அவள் கண் கலங்கும். எட்டாவதில் குரல் உடையும். பன்னிரண்டாவது முடிந்ததும் கடிதத்தைக் கிழித்துவிடுவாள். கலையும் வளரும், சோறும் தப்பும்.

நல்ல கலைஞன் முதலில் களத்தைப் பார்க்க வேண்டும். எதிர்வீட்டுத் தையல்காரர் மனைவியை இழந்து எட்டு வருஷமாகத் தனியாக இருக்கிறார். தனி ஆளின் வீடு எப்படிப் பாழாகும் என்று குறிப்பெடுக்க நோட்டோடு போனேன்.

வீடு கண்ணாடிபோல இருந்தது. தலையணை உறைக்குக்கூட இஸ்திரி. ஜன்னலில் இரண்டு செடி, இரண்டும் பச்சை.

"வேலைக்கு ஆள் வச்சிருக்கீங்களா?"

"ரெண்டு கை வச்சிருக்கேன்" என்றார்.

"தனியா இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்குமே?" என்று ஆசையோடு கேட்டேன்.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினார். "மொத மூணு மாசம் ரொம்பக் கஷ்டம். வேலை தெரியாததால இல்ல சார். அவ இருந்தப்பவே ஒவ்வொண்ணா கேட்டு வச்சுக்கலையேன்னு. எந்த டப்பாவைத் திறந்தாலும் அதே நெனப்பு."

நான் ஒன்றும் எழுதாமல் நோட்டை மூடிக்கொண்டு வந்தேன். அன்று முழுக்க அந்த ஊசியே மனசில் குத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் திட்டத்தைக் கைவிடவில்லை. தைரியமில்லாதவனுக்குப் பிடிவாதம்தான் துணை.

அவள் டூட்டி முடிந்து வந்ததும் நோட்டைக் காட்டினேன். நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் அட்டையைப் படிப்பதுபோலப் பன்னிரண்டு கட்டங்களையும் வரிசையாகப் படித்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"ஏங்க, இதுல நீங்க செத்துப்போறீங்களா?"

"சாகல. கிடக்கறேன்."

"எத்தனை மாசத்துல?"

"ஆறு."

"ஓ" என்றாள். நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். "சரி, எடுக்கலாம். ஆனா ஒண்ணு. எடுத்தா ஒழுங்கா எடுக்கணும். சும்மா படம் காட்டக் கூடாது."

மறுநாள் காலை, கதவுப் படம் முடிந்ததும், இரண்டாவது படம். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டைமர் வைத்து, அவள் கையில் விளக்கைக் கொடுத்தேன்.

"நீ கொஞ்சம் அந்தச் சோத்தைக் கருக வச்சுக் கொடுத்துடேன்."

"நானா? கதையில நான்தான் ஊர்லயே இல்லையே!"

"சும்மா ஒரு உதவிக்கு…"

"கதையில சமைக்கறது நீங்க. அப்ப கருக்கறதும் நீங்கதான். எனக்குக் கருக்கத் தெரியாதுங்க, பழக்கமில்ல."

கருக்கினேன். முதல் தடவையே அபாரமாகக் கருகியது. ஆனால் புகையில் லென்ஸே தெரியவில்லை. படம் வெறும் மேகமூட்டம். திரும்ப எடுக்க வேண்டும். பாத்திரத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

"கதாநாயகன் தேய்க்கட்டும். அப்பதான் கைல கரி ஒட்டும். மூணாவது படத்துல கை பக்கத்துல தெரியுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

அது உண்மை. தேய்த்தேன். தேய்க்கும்போதே இனி இப்படி அடிப்பிடிக்கவிடக் கூடாது என்று என் கை தனக்குள் சபதம் செய்துகொண்டது போலிருக்கிறது. அடுத்த நாள் எவ்வளவு முயன்றும் கருகவில்லை. தண்ணீர் குறையும்போது கை தானாகப் போய்த் தீயைக் குறைத்துவிட்டது. அதற்கடுத்த நாளும் அப்படியே. பூப்போலச் சோறு. ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டாம்.

"வீணாக்க வேண்டாம்" என்று அவள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு டூட்டிக்குப் போனாள்.

கடைசியில் முதல் நாள் பாத்திரத்தின் அடியில் தேய்த்தும் போகாமல் நின்ற கரியையே வைத்து ஒப்பேற்றினேன்.

ஐந்து படங்கள் முடிந்தன. பிரதி எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்து, அவள் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது கலங்க வேண்டும்.

கலங்கவில்லை. கொட்டாவி வந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான்னா?"

"அஞ்சு படத்துலயும் ஒரே மூஞ்சிங்க. மொதப் படத்துலயே அழுதாச்சு. அப்புறமும் அழுதுட்டே இருந்தா பாக்கறவங்க ஆறாவதுக்கு வருவாங்களா? பக்கத்து ஆளோட படத்துக்குப் போயிடுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷத்தில் என் தொழிலைப் பற்றி அவள் சொன்ன முதல் விமர்சனம். அது சரியாகவும் இருந்து தொலைத்தது.

"அப்ப என்ன செய்யணும்ங்கற?"

"எனக்கு என்ன தெரியும்? எங்க வார்டுல பசங்களுக்குக் கதை சொல்லுவேன். அதுல ஆரம்பத்துல இருந்த ஆளு முடிவுலயும் அப்படியே இருந்தான்னா, 'அப்புறம்? அப்புறம்?'னு கேட்டு உயிரை எடுப்பாங்க. ஆளு மாறினாத்தான் தூங்குவாங்க."

அந்த 'அப்புறம்' என்னைப் பிடித்துக்கொண்டது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு கட்டங்களையும் நானே ரப்பரால் அழித்தேன். நானேதான். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

ஆறாவது படம்: மனிதன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். மூன்று சட்டைகளில் சூடு வைத்த பிறகு தையல்காரரை ஆலோசகராக அழைத்தோம். காலரை முதலில், கையை அடுத்து, முதுகைக் கடைசியில் என்று அவர் சொல்லித்தந்தார். "படத்துல காலர் மட்டும்தானே தெரியும்?" என்றேன். "முதுகு கசங்கியிருந்தா முகத்துல தெரியும் சார்" என்றார். ஏழாவது படம், பொத்தான் தைத்தல். அதற்கும் அவரே.

எட்டாவது படம் அவளுடைய யோசனை. மேஜைமேல் ஏழு நாள் மாத்திரை டப்பா. மனிதன் அந்த டப்பாவின் ஒவ்வொரு அறையிலும் தன் மாத்திரைகளைப் போடுகிறான். ரத்த அழுத்தத்துக்கு எனக்கு நாலு மாத்திரைகள். பத்து வருஷமாக அவள் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பாள், நான் விழுங்குவேன்.

"ரோஸ் கலரு காலையிலயா, ராத்திரியா?" என்று கேட்டாள்.

"படத்துல அது யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்." குரல் மாறியிருந்தது. வார்டு குரல். "எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல உங்க கையாலயே எழுதுங்க."

எழுதினேன். திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தப்பு. மறுபடி. நாலாவது தடவை சரியாகச் சொன்னதும் அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பல நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சுபோல இருந்தது அது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. விளக்கு கொஞ்சம் இடது பக்கம் வரட்டும் என்று மட்டும் சொன்னேன்.

பதினொன்றாவது படம், தொலைபேசி. மனிதன் ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்திலிருக்கும் மனைவியோடு பேசுகிறான். போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அவள் விளக்குக்குப் பின்னால் இருட்டில் நின்றாள்.

"என்ன பேசறது?"

"படத்துல சத்தமா வரப்போகுது? எதையாவது பேசுங்க. சும்மா வாயசைச்சா பொய்யாத் தெரியும்."

யோசித்தேன். கடைசியில், "எப்படி இருக்க?" என்றேன், போனுக்குள்.

விளக்குக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "இருக்கேன்."

"வேலையெல்லாம்…?"

"நான் ஊசி போடக் கத்துக்கொடுத்த பொண்ணுங்க இப்ப எனக்கு டூட்டி போட்டுக் கொடுக்கறாங்க. தப்பா மருந்து எழுதியிருந்தாக்கூட, தப்புன்னு சொல்ற இடத்துல நான் இல்ல. சொன்னா, 'உங்க வேலையைப் பாருங்க சிஸ்டர்'ங்கறாங்க. போன மாசம் ஒரு குழந்தைக்கு…" நிறுத்திக்கொண்டாள். "பொழைச்சிடுச்சு. ஆனா பொழைக்காமப் போயிருந்தா?"

விளக்கு ஆடியது. சுவரில் என் நிழலும் ஆடியது.

"இதையெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க இன்னைக்குத்தானே போன் பண்ணியிருக்கீங்க."

டைமர் எப்போது அடித்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு கண்காட்சியில் எல்லோரும் அதிக நேரம் நின்றது அந்தப் படத்தின் முன்னால்தான். அதில் நான் போனைப் பார்க்கவில்லை; வெளிச்சம் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சங்கத் தலைவர் என் நடிப்பைப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

பன்னிரண்டாவதில் செருப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கும் எண்ணம் போய்விட்டது. மனிதன் மேஜையில் உட்கார்ந்து, தான் சமைத்ததைத் தானே போட்டுச் சாப்பிடுகிறான். அவ்வளவுதான். சட்டை கசங்கவில்லை. முகத்தில் சோகமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, பசி இருக்கிறது. எடுத்து முடித்ததும் எனக்கே பெருமை தாங்கவில்லை. கதை என்றால் இது கதை.

மாதக் கடைசி நாள். படங்களைக் கனமான உறையில் போட்டு ஒட்டினேன். தபால் நிலையத்துக்குக் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள்.

"அப்படியே இதையும் சேர்த்துப் போட்டுடுங்க." ஒரு சின்ன உறை.

பெரிய உறையைப் பதிவுத் தபாலில் கொடுத்து ரசீதை மடித்துப் பையில் வைத்தேன். சின்ன உறையைப் பெட்டியில் போட்டேன். வரும் வழியெல்லாம் எனக்குள் பதினொன்றாவது படத்தின் ஒளிதான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் இந்த வேலையை எதற்காக ஆரம்பித்தேன் என்பதே ஞாபகத்துக்கு வந்தது.

உள்ளே ஓடினேன். அவள் பெட்டியைத் திறந்துவைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பயிற்சிக் கடிதம்! இன்னைக்குத்தானே கடைசி நாள்? என்ன பதில் எழுதின?"

"எழுதி அனுப்பியாச்சே."

"எப்ப?"

"இப்பதான். நீங்கதானே போட்டுட்டு வந்தீங்க."

நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட நாற்காலி இருந்த இடத்தில் விழுந்தேன் என்பது பொருத்தம்.

"ஏம்மா, ஆறு மாசம் நான் எப்படித் தனியா இருப்பேன்? எனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே!"

"சோறு, இஸ்திரி, பொத்தான், மாத்திரை. எல்லாம் படமா இருக்கே."

"அதெல்லாம் நடிப்பு!"

"நடிப்பா? மூணு வாரமா அதைத்தான் சாப்பிட்டுட்டு டூட்டிக்குப் போயிட்டிருக்கேன்." மடித்த துணியைப் பெட்டிக்குள் வைத்தாள். பக்கத்தில் வந்து, என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"சரி, நடிப்பாவே இருக்கட்டும். இன்னும் ஆறு மாசம் இதே மாதிரி நடிங்க. வந்து கை தட்டறேன்."