பதினெட்டுப் பாகை

மனிதகுலம் குளிரை வென்ற வரலாற்றை யாராவது எழுதப்போனால், இத்தாலியின் பலெர்மோ சிறு விமான உரிமையாளர் கழகத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். மார்கழியிலும் எலுமிச்சை காய்க்கிற ஊரில் இருந்துகொண்டு ஐஸோடு போர் தொடுக்கச் சாதாரணத் துணிச்சல் போதாது.

கழகத்தின் தளபதி பல் வைத்தியர் மஞ்சராச்சினா. அவருடைய நாலு இருக்கை விமானத்தின் இறக்கை விளிம்பில் கறுப்பு றப்பர் பட்டி ஓடுகிறது. பறக்கும்போது ஐஸ் படிந்தால் பட்டி காற்றில் உப்பும். ஐஸ் உடைந்து விழும். ஆறு வருடமாக ஒரு துண்டு ஐஸும் அதை நெருங்கத் துணியவில்லை. மேகத்தைக் கண்டால் வைத்தியர் விமானத்தை வெளியே எடுப்பதில்லை என்பதும் ஒரு சிறு காரணம்.

குளிரில் றப்பர் வெடித்துவிடும் என்று விமானக் கொட்டகையில் இரவும் பகலும் பதினெட்டுப் பாகை வெப்பம். ஈரம் உறிஞ்ச ஓர் இயந்திரம். வாரம் ஒருமுறை றப்பருக்கு மெழுகு பூசுவது கிரிசாந். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவன். சென்ற மாசியில் மனைவி அமலினி நியுமோனியாவில் போய்விட்டாள். ஐந்து வயது மகள் றெபேக்காவோடு நகரின் பழைய பகுதியான கால்சாவில் ஓர் அறையில் இருக்கிறான். அறையும் வைத்தியருடையதே. வடக்குச் சுவரில் தண்ணீர் வடியும். ஹீட்டர் இல்லை.

இந்தக் கார்த்திகையில் மகள் இருமத் தொடங்கினாள். அதே இருமல். கிரிசாந் மூன்றாவது தடவையாக ஹீட்டர் கேட்டான். முதல் இரண்டும் அமலினிக்காக.

"கிரி, இது பலெர்மோ. இஞ்சை எங்கை குளிர்?" என்றார் வைத்தியர். "அதை விடு. கழகக் கூட்டத்திலை 'உரிமையாளர் அனுபவம்' நான் வாசிக்கவேணும். ஒரு பக்கம் எழுதித் தா."

"உங்கட அனுபவத்தையோ, தொத்தோரே?"

"ஓம். அதையெல்லாம் எழுத எனக்கு நேரம் எங்கை?"

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். அங்கே அவள் இருமவில்லை. மெழுகு பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, பிளேனுக்கும் சளியோ?"

"இல்லை. வராமல் பாக்கினம்."

"ஆர்?"

"வைத்தியர்."

"அவர் பல்லு டொக்டரெல்லோ?"

அன்றைக்கே எழுதி முடித்தான்.

பொலிதேயாமாச் சதுக்கத்தில் ஒரு ஹோட்டல் மண்டபம். முப்பது உரிமையாளர்கள். அங்கே கோப்பி பரிமாறிக்கொண்டிருந்த ஊர்ச் சிநேகிதன் கிறிகோரி, பின்வரிசையில் நின்ற கிரிசாந்தின் காதுக்குள் கேட்டான்: "மச்சான், அந்தாள் ஒருக்கா வாசிச்சுப் பாத்ததோ?"

"தான் எழுதினதை ஆர் வாசிச்சுப் பாப்பினம்?"

வைத்தியர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "ஒரே உரிமையாளர். ஒரே குளிர்காலம். இரண்டு இடங்கள். முதலாவது, பதினெட்டுப் பாகையில், ஈரமில்லாமல், மெழுகுடன். பழுது எதுவுமில்லை. இரண்டாவது, கால்சாவில், வடக்குச் சுவரோரம், ஒன்பது பாகையில்..."

இங்கே குரல் சற்றுத் தாழ்ந்தது. ஆனால் தானே எழுதியதைப் பாதியில் நிறுத்த எந்த அறிஞனால் முடியும்?

"இருபத்தேழு வருடம் பழுது காணாதது. தை மாதம் சத்தம் மாறியது. உரிமையாளருக்கு இரண்டு தடவை அறிவிக்கப்பட்டது. மாசி பதினோராம் திகதி நின்றுவிட்டது. அதே இடத்தில் இப்போது சிறியது ஒன்று இருக்கிறது. அதே சத்தம்."

மண்டபம் கைதட்டியது. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இப்படி ஒளிக்காமல் கதைக்கிற உரிமையாளரை நான் கண்டதில்லை. சின்னதுக்கு நாளைக்கே சூடு குடுக்கவேணும். அது சரி, நின்றுபோனது எந்த இடத்துத் தயாரிப்பு?"

வைத்தியர் தாளைப் புரட்டினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"மன்னார், சிஞ்ஞோரே," என்றான் கிரிசாந் பின்வரிசையிலிருந்து. "அமலினி எண்டு பேர்."

மறுநாள் காலை கால்சாவுக்கு ஹீட்டர் வந்தது. பதினெட்டுப் பாகை. ஆக, கழகம் குளிரை வென்றேவிட்டது. ஒரு குளிர்காலம் பிந்தி.